நோயாளிக்குச் சுத்தபோசனம் இல்லை

மார்ச் 6, திங்கள்

முதலில் மன்னிப்பு. யுத்தத்தால் காகிதம் கிடைக்காத காலம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார்கள். டீச்சரோ தன் பயத்துக்கு ஒரு நல்ல தாளைச் செலவழிக்கிறாள். கல்லூரி நோட்டில் மீந்த பக்கங்கள்தான், ஆனாலும். வாயைத் திறந்தால் வார்த்தை வருவதில்லை. எழுதினால் வருகிறது. அதனால்.

வெயில் இப்போதே கடுமை. காற்றில் முந்திரிப் பூ வாசனை. மூன்றாம் வகுப்புக்குச் சாக்பீஸ் கேட்க வேண்டும்.

அப்பாவின் முகம் இன்றும் உப்பியிருந்தது. கண் இரண்டும் வெறும் கோடு. கணுக்காலில் விரலை அழுத்தினேன். குழி விழுந்தது. நிரம்ப நேரமானது. அப்பா சிரித்தார். "வெதை ஊணலாம் போல இருக்கே." கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் நுரை. கள்ளு நுரை மாதிரி, அடங்காமல். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வீக்கம்னா ரத்தம் கம்மி. நல்லா தின்னா சரியாப்போவும். சாமியாரே சொல்லிட்டாரே."

சாமியார் சொன்னது என்ன? நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிய அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்பா பங்குச் சாமியாரிடம் கேட்டார், உடம்பு முடியவில்லை, ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கவா வேண்டாமா என்று. "நோயாளிக்கு ஒருசந்தியும் இல்லை, சுத்தபோசனமும் இல்லை. கறி சாப்பிட்டா பாவமில்லை." அவ்வளவுதான். கோயிலிலிருந்து வீடு வருவதற்குள் அந்த அனுமதி கட்டளையாகிவிட்டது.

போதாததற்கு ஊர் வழக்கம். உயிர்த்த ஞாயிறான பாஸ்கு வரைக்கும் எந்த வீட்டிலும் கறியோ முட்டையோ கிடையாது. கோழி இடுகிற முட்டையை நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பார்கள். தாங்கள் விட்டதை நோயாளி சாப்பிட்டால்தான் தபசு முழுமையாகும் என்று எண்ணம். இந்த வருஷம் நோயாளி அப்பா. கூடை நிறைய முட்டை, தினமும்.

நாளை அரியலூர் ஆஸ்பத்திரி. லீவு சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, செவ்வாய்

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ். மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம். தள்ள வந்த அப்பாவைக் கண்டக்டர் பிடித்து உட்காரவைத்தான். "பெரியவரே, நீங்க தள்ளுனா உங்களையும் சேத்துத் தள்ளணும்."

டாக்டருக்கு வயது அதிகமில்லை. வேகமாகப் பேசுகிறார். அப்பாவின் நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து விளக்கில் காட்டினார். மேல் பாதி வெளுத்தது. வினிகர் விட்டார். வெளுப்பு கரையவில்லை. திரிந்து திரிந்து கீழே இறங்கியது.

இதை நான் கல்லூரியில் செய்திருக்கிறேன். முட்டை வெள்ளைக் கருவைத் தண்ணீரில் கலந்து. நல்ல மார்க் வாங்கினேன்.

"படிச்ச பொண்ணா? அப்ப உங்கிட்டயே சொல்லிடறேன். நீ வீட்டுல சொல்லிடு." என்னிடம் சொன்னால் வீட்டில் சொன்னது போல என்று நினைக்கிறார் பாவம்.

அவர் சொன்னது: நீரைப் பிரிக்கும் குண்டிக்காயில் அழற்சி. கறியிலும் முட்டையிலும் பருப்பிலும் இருப்பது புரோட்டீன், மாம்ச சத்து. அது உடம்பில் செலவான பிறகு ஒரு கழிவு மிஞ்சும். அதை வெளியே தள்ளுவது குண்டிக்காயின் வேலை. "வேலைக்காரன் படுத்துக் கெடக்கான். அவன் முதுகுல மூட்டை ஏத்தாதே."

கூடாது: கறி, மீன், கருவாடு, முட்டை, பருப்பு, மொச்சை, உப்பு.
ஆகும்: கஞ்சி, ஜவ்வரிசி, சுரைக்காய், பூசணி, வெல்லம், வெண்ணெய், கொஞ்சம் மோர்.

"சாப்பிட்டா?" என்று கேட்டேன். உதடுதான் அசைந்தது என்று நினைக்கிறேன். அவருக்குப் புரிந்தது.

"கழிவு ரத்தத்துலயே தங்கும். வாந்தி வரும். அப்புறம் விக்கல். அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கம் நல்லதில்லம்மா."

வீட்டில் பார்த்து வரச்சொல்லி ஒரு குழாயும் சின்னப் புட்டியில் வினிகரும் கொடுத்தார். குழாயை அப்பா சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்து ஆள், "வாத்தியாருங்களா?" என்று கேட்டார். "நான் இல்லைங்க, எம் பொண்ணு. பி.ஏ." ஊர் வரும்வரை அப்பாவுக்கு அதே பேச்சு. எனக்கு வாந்தி, விக்கல், தூக்கம் என்று மனப்பாடம் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 9, வியாழன்

பெரம்பலூரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். அப்பாவின் அக்கா. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மடியில் இரண்டு கோழி.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை: "கறி திங்காதே, பருப்பு திங்காதே, உப்பு போடாதேன்னா மனுசன் என்னத்தத் திம்பான்? மாட்டுக்கே பிண்ணாக்கு வைக்கிறோம்."

வாயால் சொல்லி ஆகாது, கண்ணால் காட்டலாம் என்று தோன்றியது. இன்று காலை அடுப்பங்கரையில் கோயில் மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி அப்பாவின் நீரைக் காய்ச்சினேன். அடுத்து என்னுடையதையும். என்னுடையது தெளிவு. அப்பாவுடையது வெளுத்துத் திரிந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

அத்தை குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிதானமாகவே கேட்டார். "இது என்னாடி? முட்டை வெந்தாப்புல இருக்கு."

"ஆமாங்கத்தை. அதே சத்துதான்."

"அப்ப தம்பி உடம்புலேர்ந்து முட்டைச் சத்து வெளிய போவுது."

"ஆமாங்கத்தை."

"போறதை ரொப்ப வேணாமா? ஓட்டப் பானையில தண்ணி ஊத்தாம வெச்சா என்னாவும்?" அம்மாவிடம் திரும்பி, "ரெண்டு முட்டை சேத்து அவிச்சுப் போடு. பி.ஏ.வே காட்டிக் குடுத்துடுச்சு."

குழாயைக் கழுவி வைத்தேன். மதியம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

மார்ச் 13, திங்கள்

அத்தை விடவில்லை. சனிக்கிழமை அப்பாவைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் அங்கே ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார். இன்று திரும்பினார்கள். அந்த டாக்டர் நரைத்தவர், பட்டணத்தில் படித்தவராம். சொன்னது: வீக்கமே சத்து வெளியே போவதால்தான். ஈடு கட்ட வேண்டும். முட்டை, பால், கறி சாறு.

அத்தை இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வென்ற முகம் இல்லை. நிம்மதி மட்டும். அதுதான் எனக்கு இன்னும் பயம். அவருக்கும் அப்பா பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கல்லூரி விலங்கியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குண்டிக்காய்க்கு இரண்டு பக்கம். படம் அழகாக இருக்கிறது. நோயாளி என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

பெரம்பலூர் டாக்டர் சொல்வது சரியாக இருந்தால்? நான் அப்பாவின் தட்டிலிருந்து எடுக்கச் சொல்வது மருந்தையா?

துணி துவைக்க வேண்டும். சவுக்காரம் இல்லை.

மார்ச் 16, வியாழன்

இன்று ஆட்டுக் குண்டிக்காய். ஈரலுக்கு ஈரல், மூளைக்கு மூளை, குண்டிக்காய்க்குக் குண்டிக்காய் என்பது அத்தையின் வைத்தியம். அரியலூர்க் கறிக்கடை பாய் தினமும் எடுத்துவைத்துவிடுகிறாராம். தபசு காலத்தில் நம்ம ஆட்கள் யாரும் அவர் கடைப்பக்கம் போவதில்லை. "உங்க ஊர்ல ஒரு ஆளுக்காவது உடம்பு சரியில்லாம இருக்கே, அல்லாவுக்குத்தான் நன்றி சொல்லணும்னாரு" என்று அம்மா சொல்ல, அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கியது.

மிளகு போட்டு வறுத்திருந்தார்கள். எங்களுக்குக் கீரைத் தண்ணீர். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தோம். அப்பா சின்ன வயதில் பண்ணை வேலைக்குப் போனவர். கறி என்றால் பாஸ்கு, கிறிஸ்துமஸ், பிறகு யாராவது கல்யாணம். அவர் ஒவ்வொரு துண்டாக, கண்ணை மூடிக்கொண்டு. "தபசு காலத்துல கறி தின்னு மோட்சத்துக்குப் போற மொத ஆளு நாந்தான்."

நிறுத்துங்கப்பா என்று சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 20, திங்கள்

நேற்றிலிருந்து வாந்தி.

காலையில் பால் குடித்தார், வந்துவிட்டது. முட்டை, வந்துவிட்டது. அத்தை, "பித்தம்" என்று இஞ்சி தட்டிக் கொடுத்தார். அதுவும். நீர் குறைந்துவிட்டது. குழாயில் கால்வாசிகூட இல்லை. காய்ச்சியபோது பாதிக்கு மேல் வெள்ளை. தலைவலி என்கிறார். வாயருகே போனால் ஒரு வாடை. ஆஸ்பத்திரி வாடை மாதிரி, மருந்து இல்லாமல்.

டாக்டர் சொன்ன வரிசையில் முதலாவது.

அரியலூருக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். அப்பாவே தலையாட்டி மறுத்துவிட்டார். குலுக்கலில் குடல் வெளியே வந்துவிடுமாம். டாக்டர் என்ன புதிதாகச் சொல்லப்போகிறார்? அவர் சொன்னதையே நாங்கள் செய்யவில்லை.

சாயங்காலம் மேலத்தெருவிலிருந்து முட்டை கொண்டுவந்தாள் ஒரு பாட்டியம்மா. "நான் ஒரு முட்டை திங்காம வெச்சது, உங்கப்பனுக்குப் போய்ச் சேரட்டும்." எப்படி மறுப்பது? வாங்கிக் கூடையில் வைத்தேன்.

மார்ச் 23, வியாழன்

விக்கல். மத்தியானத்திலிருந்து விட்டுவிட்டு. அம்மா சர்க்கரை கொடுத்தார், மூச்சை அடக்கச் சொன்னார், யாரோ நினைக்கிறார்கள் என்று சிரிக்கப் பார்த்தார்.

இரண்டாவது.

மூன்றாவதை எழுதமாட்டேன்.

இந்த வீட்டில் டாக்டர் பேச்சுக்கு எதிர் டாக்டர் பேச்சு இருக்கிறது. என் பேச்சுக்கு அத்தை பேச்சு இருக்கிறது. எதிர்ப்பேச்சு இல்லாதது ஒருவர் வாக்குக்குத்தான். சாமியார். ஆனால் நான் அவர் எதிரே நின்று ஒரு வாக்கியம் பேசியதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து மேனேஜர் அவர்தான், அவரிடம் சம்பளம் வாங்கும்போதுகூடக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். பாவம் சொல்லும் மரத் தொட்டிக்குள் முகம் தெரியாது. அங்கே பேசலாம்.

மார்ச் 25, சனி

பேசினேன்.

முழங்காலில் இருந்து, அத்தை மேல் கோபப்பட்டது, பொய் ஒன்று, பூசையில் கவனமில்லாதது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சாமி, ஒரு விண்ணப்பம்" என்றேன். வலைக்கு அந்தப் பக்கம் மூக்குப்பொடி வாசனை. எல்லாவற்றையும் சொன்னேன். குண்டிக்காய், முட்டை, வாந்தி, விக்கல். அப்பாவுக்குக் கொடுத்த அனுமதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

பொடி டப்பியை மூடும் சத்தம்.

"மகளே, இந்தத் தொட்டிக்குள்ள கேட்ட எதையும் நான் வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாது. உனக்குத் தெரியாதா? நாளைக்கு உங்க வூட்டுல வந்து நான் வாயைத் தொறந்தா, அது இங்கேர்ந்து போனதா ஆயிடும்."

எனக்குத் தெரியும். ஞானோபதேசத்தில் பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பயத்தில் மறந்துவிட்டேன். முகம் தெரியாத இடம் என்று தேடி வந்தேன். அது வாய் கட்டிய இடம்.

"வெளிய வந்து கேளு."

"வெளிய என்னால பேச முடியாது சாமி."

"தெரியும். நீ பாவம் சொல்றதே எனக்குப் பாதிதான் கேக்கும். மீதிய சர்வேசுரன் கேட்டுக்கட்டும்னு விட்டுடுவேன். ஆனா இது அப்படி இல்ல. வெளிய வா."

அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம். சொன்னேனா என்று நினைவில்லை.

வீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பகல் பதினொரு மணிக்கு. எழுப்பினேன். எழுந்தார். என்ன, என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி எழுப்பினேன். அம்மா திட்டினார்.

மார்ச் 26, ஞாயிறு

கோயிலில் இன்று முதல் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்திவிட்டார்கள். மாதாவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

பூசை முடிந்து சாமியார் வாசலில் நின்றார். சுற்றிப் பெண்கள். அத்தை என் தோளருகே. சாமியார் என்னைப் பார்த்தார், ஒன்றும் தெரியாதவர் போல. உண்மையிலேயே தெரியாதவர் போல. "என்ன டீச்சர்?"

"சாமி, அப்பாவுக்கு..." அவ்வளவுதான் வந்தது.

அத்தை: "சத்தமாத்தான் சொல்லேன்டி. வகுப்புல எப்படித்தான் பாடம் நடத்துறியோ."

சத்தமாகச் சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாக. "அப்பாவுக்குக் கறி, முட்டை எல்லாம் நிறுத்தணும் சாமி. நீங்க வந்து சொல்லணும். நீங்க குடுத்த அனுமதிய நீங்களே எடுத்துக்கணும்."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முட்டை கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

அத்தை மெதுவாக, "எந் தம்பியப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குறா சாமி" என்றார்.

இந்த வாக்கியத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் எனக்குள்ளேயும் அது இருந்தது.

சாமியார்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொன்னாங்க." மறைத்திருக்கலாம். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"நீ என்ன சொல்ற?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பரீட்சையில்கூடப் புத்தகம் என்ன சொல்கிறது என்றுதான் கேட்டார்கள்.

"அரியலூர் டாக்டர் வாந்தி வரும்னாரு, வந்துடுச்சு. விக்கல் வரும்னாரு, வந்துடுச்சு. அடுத்து ஒண்ணு சொன்னாரு. நேத்து அது பாதி வந்துடுச்சு சாமி. அவர் சொன்னதுதான் நடந்துக்கிட்டு இருக்கு."

அத்தை என் கையைப் பிடித்தார். பிடித்தது வலித்தது. "அடுத்து என்னாடி சொன்னாரு? என்னாடி சொன்னாரு?" நான் வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 27, திங்கள்

காலையிலேயே சாமியார் வந்தார். குடையும் நாயும். நாயை வெளியே கட்டினோம்.

அப்பா எழ முயன்றார். படு என்று சைகை. "நோயாளிக்குச் சுத்தபோசனம் இல்லேன்னு அன்னிக்குச் சொன்னேன். இன்னிக்குச் சொல்றேன், கேட்டுக்க. ஊருக்கெல்லாம் பாஸ்குவோட முடியும். உனக்கு முடியாது. கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல, பருப்பும் இல்ல. டாக்டர் விடுற வரைக்கும் உனக்குத் தபசுதான்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா: "அப்ப ஊரு குடுத்த முட்டை, சாமி?"

"நம்ம பள்ளிக்கூடத்துப் போர்டிங் பிள்ளைங்களுக்குக் குடுங்க."

அத்தை: "நோயாளிக்குன்னு விட்டது சாமி. பிள்ளைங்க தின்னா தபசு சேருமா?"

"பசிச்சவன் தின்னா எல்லாம் சேரும். கூடையக் குடு."

கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். நாய் பின்னால்.

மத்தியானம் அத்தை சுரைக்காயை உப்பில்லாமல் வேகவைத்தார். அடுப்பைப் பார்த்தே பேசினார். "இதை நாய் மோந்து பாக்குமா? எந் தம்பி திங்கணுமாம்." வெல்லம் தட்டிப் போட்டார். வெண்ணெய் வைத்தார். தானே எடுத்துப்போய் ஊட்டினார். வாந்தி வரவில்லை, சாயங்காலம் வரை.

ஏப்ரல் 1, சனி

எழுத நேரமில்லை. சுருக்கமாக:

விக்கல் நின்று மூன்று நாள்.
வாந்தி ஒரு முறை.
நீர் கொஞ்சம் கூடியிருக்கிறது.
குழாயில் வெள்ளை அப்படியே. கொஞ்சமும் குறையவில்லை.
கால் வீக்கம் காலையில் குறைவு, மாலையில் அதேதான்.
கைகள் மெலிந்துவிட்டன. தோள் எலும்பு தெரிகிறது.

கடைசி வரிதான் பயம். பெரம்பலூர் டாக்டர் சொன்னது இதைத்தான், ஈடு கட்டாவிட்டால் உடம்பு உருகும் என்று. நஞ்சு குறைகிறதா, ஆள் குறைகிறாரா? இரண்டும்தானா?

அரியலூர் டாக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். கொஞ்சம் பால் சேர்க்கலாம், கறி வேண்டாம், பாஸ்கு கழித்து வந்து காட்டு என்றாராம்.

மூன்றாம் வகுப்புக்குச் சாக்பீஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 9, ஞாயிறு. பாஸ்கு

விடியும் முன்பே மணி. அல்லேலூயா. சுரூபங்களின் துணியை எடுத்துவிட்டார்கள். அப்பா கோயிலுக்கு வரவில்லை, ஆனால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து மணியைக் கேட்டார்.

பத்து மணிக்குத் தெரு முழுக்கக் கறிக் குழம்பு வாசனை. நாற்பது நாள் கழித்து எல்லா வீட்டு அடுப்பிலும் ஒரே சமயம். எங்கள் வீட்டில் சுரைக்காய். அம்மாவும் அத்தையும் தாங்களும் கறி ஆக்கவில்லை. யாரும் பேசி முடிவுசெய்யவில்லை, ஆக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை அத்தை வாசலிலேயே வாங்கி வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் கண் சிவந்திருந்தது. மிளகாய்ப் புகை என்றார். மிளகாயே வறுக்கவில்லை.

நான்தான் தட்டு கொண்டுபோனேன். அப்பா சுரைக்காயைப் பார்த்தார். மூக்கை உயர்த்தித் தெரு வாசனையை ஒரு முறை இழுத்தார். முகத்தில் வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இறங்கிய பிறகுதான் எவ்வளவு வயதானவர் என்று தெரிகிறது.

அம்மா கொல்லையில் இருந்தார். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தங்கம். ஒரே ஒரு துண்டு தின்னா என்னாம்மா? நான் சாமியார்கிட்ட சொல்லமாட்டேன்."

"வேணாம்ப்பா."

"ரெண்டு டாக்டரு ரெண்டு விதமா சொல்லிட்டாங்க. உனக்கு நிச்சயமாத் தெரியுமா, இதுதான் சரின்னு? நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன். சாமியாருக்காக இல்ல. நீ படிச்சிருக்க."

அந்தக் கண்ணில் சந்தேகம் ஒரு துளி இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் கேட்டார்.

"தெரியும்ப்பா" என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்க வேண்டியது.

தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். முழுவதும். தட்டை வழித்தார்.

சர்வேசுரா, இத்தனை நாளும் உம்மிடம் அப்பாவின் வீக்கம் குறைய வேண்டும், வாந்தி நிற்க வேண்டும், அத்தை மனம் திரும்ப வேண்டும் என்று கேட்டேன். இது ஒன்றைக் கேட்கவில்லை, கேட்க வெட்கம். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நீர் மெய்யாக்கும்.